ஆறின பிறகு போடுகிற உறை

என் கொம்பியூட்டருக்கு ஒரு உறை இருக்கிறது. வெள்ளைப் பொப்ளின் துணி, ஓரத்தில் பச்சை நூலால் பின்னிய ரேந்தை, நான்கு மூலையிலும் ஒவ்வொரு பூ. பின்பக்கத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு அச்சு விழுந்திருக்கிறது. உள்ளே இருந்து சூடான காற்றை வெளியே தள்ளும் கம்பிவலையின் அச்சு அது. எத்தனை தரம் கழுவினாலும் போகாது. என் மாமி, அதாவது மனைவியின் தாய், தன் கையால் தைத்துத் தந்தது. அந்த வீட்டில் பெறுமதியான எதையும் மாமி திறந்து கிடக்க விடமாட்டார். தொலைக்காட்சிக்கு உறை, தண்ணீர்க் குடத்துக்கு உறை, அரிசி போட்டுவைக்கிற பரலுக்கு உறை, அந்த உறைகளையெல்லாம் தைத்த தையல் மெசினுக்கும் ஒரு உறை. உறை போடாமல் விடப்பட்டவை நானும் வாசல் பூனையும்தான். இதிலிருந்து என் பெறுமதியை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் போய்ச் சேரவேண்டும். வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். கல்முனைக்குடியில் மாமி அப்படி ஒதுங்கினது குசினிக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஓட்டு அறைக்குள். சுனாமியில் கடல் வந்து போன பிறகு முன்வீட்டைப் புதிதாகக் கட்டியபோது இடிக்காமல் விட்ட ஒரே துண்டு அது. கனத்த சுவர், உயரமான ஓட்டுக்கூரை, வடக்கே ஒரு சின்ன யன்னல். முன்வீட்டுக்கோ கொங்கிரீட் தட்டு. மேலே இன்னொரு மாடி எழும்பும் என்ற நம்பிக்கையில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. மாடி எழும்பவில்லை. வெயில் மட்டும் நேரே தட்டில் இறங்கி, அதிலிருந்து எங்கள் தலையில் இறங்கியது.

மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டார். மருமகனோடு முகம் கொடுத்துக் கதைக்கக் கூச்சப்படுகிற பழைய வழக்கம். நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். குசினி யன்னல் சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வரும்: "மகள், மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு, பாரக்குட்டியில முள்ளு கூட, பாத்துத் தின்னச் சொல்லி." மனைவி வாய் திறக்கமாட்டாள், எனக்குத்தான் கேட்டுவிட்டதே. "ஓம் எண்டு சொல்லு" என்று நான் சீலையைப் பார்த்துச் சொல்வேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு மீன் முள்ளைப் பற்றிக் கதைக்க இவ்வளவு ஏற்பாடு. பிறகு மனைவி முன்பள்ளியில் படிப்பிக்கப் போகத் தொடங்கினாள். எங்கள் மகளும் பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகலில் வீட்டில் நானும் மாமியும் கொம்பியூட்டரும் மட்டும். சேதி சொல்ல ஆள் வேண்டுமே. ஒரு நாள் அறை வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், மேசைக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்து மாமி சொன்னார்: "பெட்டி, மாப்பிள்ளைக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு." அன்றைக்கு என் கொம்பியூட்டர் எங்கள் குடும்பத்தில் ஒரு ஆளானது.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். கட்டாரில் ஒரு கட்டடக் கம்பனியில் வருசக்கணக்காகப் படம் வரைகிற வேலை பார்த்தேன். பிறகு அலுத்துப்போய் ஊருக்கு வந்து, இனி வீட்டில் இருந்தே உழைப்பேன் என்று பெரிய வாய் விட்டேன். வெளிநாட்டில் இருந்து கொண்டு இங்கே மகளுக்கோ தங்கச்சிக்கோ வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று உண்மை மாதிரி ஒரு படம் செய்து கொடுப்பதுதான் தொழில். கொஞ்சம் வசதியானவர்களுக்கு வாசலால் நுழைந்து குசினியால் வெளியே வருகிற மாதிரி ஒரு வீடியோ. அந்த வீடியோவைக் கொம்பியூட்டர் ஒவ்வொரு படமாகத் தானே வரைந்து முடிக்கவேண்டும். அதுவரைக்கும் அதன் மூளை, அதாவது புரொசசர், முழு மூச்சாக ஓடும். ஓடினால் சூடாகும். சூடு எல்லை மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் வேலை செய்கிற வேகம்தான் அதுவும்.

ஊரில் ஆம்பிளை பகலில் வீட்டில் இருந்தால் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன ராத்தா, மருமகன் கட்டாருக்குத் திரும்பப் போகல்லயா? வீட்டோடயே இரிக்காரு?" நான் அறைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மாமியின் பதில் கேட்டது: "ஏன் போகணும்? அவரு கட்டார அந்த அறைக்குள்ளயே கொண்டாந்து வெச்சிரிக்காரு. சந்தேகமெண்டா ஒருக்காப் போய் நிண்டு பாருங்க, உடுப்பு நனஞ்சிரும்." எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. சொன்னதில் பொய் இல்லை. யன்னலைத் திறந்தால் கடலின் உப்புக் காற்று வந்து பெட்டிக்குள் இருக்கிற அலுமினியத் தகடுகளைத் தின்றது. மூடினால் அறை அடுப்பாகியது. திறப்பதும் மூடுவதுமாக ஒரு காவல்காரன் மாதிரி நாளைக் கழித்தேன்.

பிறகு நாடே வரிசையில் நின்ற அந்த வருசம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கரண்ட் நேரசூசி போட்டு வெட்டப்பட்டது. வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில் கிடைக்கிற நேரத்துக்குள் என் வீடியோ வரைந்து முடிந்தாக வேண்டும். பெட்டி குளிராக இருந்தால் முடிக்கும். சூடானால் வேகம் குறையும், குறைந்தால் நேரம் போதாது, முடிகிற கட்டத்தில் கரண்ட் போய்விடும். பாதியில் நின்ற வீடியோ கெட்டுப்போகும், முதலில் இருந்து தொடங்கவேண்டும். இப்படி ஒரே வீட்டின் வாசலுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து குசினியை அடையாமலே நின்றேன். வீடு டோஹாவில் இருந்த ஒருவருடையது. மகளுக்காகச் சாய்ந்தமருதில் கட்டுகிறார். வேலை பிடித்தால் தன்னோடு தங்கியிருக்கிற கூட்டாளிகளையும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதே கிழமை என் பழைய கம்பனியும் திரும்பக் கூப்பிட்டது. வியாழக்கிழமை பாஸ்போட்டோடு வரச் சொன்னார் ஏஜென்சிக்காரர். வந்தால் வேலை எனக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. என் மகளுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. முளைக்கிற பல்லைப் பார்க்க நான் இங்கே இருப்பேனா இல்லையா என்பது ஒரு புரொசசரின் சூட்டில் தொங்கியது. படைத்தவன் என் தலைவிதியை எவ்வளவு சில்லறையான இடத்தில் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

உறை வந்தது அந்த நாட்களில்தான். வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பெற்றோல் வரிசைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி செத்துக் கிடக்கிறது, கரண்ட் இருக்கிறது. பெட்டியின் மேல் புத்தம்புது வெள்ளை உறை, பச்சை ரேந்தையோடு, மணப்பெண் மாதிரி. காற்றுப் போகிற வழி முழுக்க அடைபட்டு, சூடு தாங்காமல் தானே நின்றுபோயிருக்கிறது. தொட்டேன், கை சுட்டது. முன்பள்ளியால் வந்த மனைவியிடம் சத்தம் போட்டேன். அவள் குசினிக்குள் போய்க் கேட்டாள். "உப்புக் காத்து அடிக்கிது, பூனை ஏறுது, விலையான சாமான். நான் மூடாம வேற ஆரு மூடுற?" என்றது மாமியின் குரல். ஓடும்போது மூடினால் அதற்கு மூச்சு முட்டும் என்று மனைவி விளங்கப்படுத்தினாள். பிறகு மாமி அறை வாசலுக்கு வந்து பெட்டியிடம் சொன்னார்: "காய்ச்சலோட கிடந்திரிக்காய், எனக்கு விளங்கல்ல. மனசில வெச்சிக்காத." அடுத்த நாள் ஒரு கிளாஸில் ஓதி ஊதின தண்ணீர் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தட்டுப்பட்டு ஊற்றினால் என் தொழில் அதோடு முடிந்தது. நான் பயந்து கிளாஸைத் தூர நகர்த்தினேன். "குடிக்கத் தரல்ல, பக்கத்தில வெச்சாக் காணும் எண்டு மாப்பிள்ளைக்குச் சொல்லு" என்றார் பெட்டியிடம்.

நானும் சும்மா இருக்கவில்லை. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பி வைத்தேன். உள்ளே ஒரு பல்லி குடியேறியதுதான் மிச்சம். புரொசசருக்கும் தகட்டுக்கும் இடையில் பூசுகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. இறக்குமதி நின்றுபோன காலம். கல்முனைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கி, ஒரு கடைக்காரர் தன் சொந்தத் தேவைக்கு ஒளித்து வைத்திருந்த மிச்சத்தைக் கெஞ்சி வாங்கினேன். கடுகளவு போதும். நான் பாணுக்கு பட்டர் பூசுகிற மாதிரிப் பூசி, பிறகு துடைத்து, திரும்பப் பூசினேன். கொஞ்சம் சூடு இறங்கியது, ஆனால் போதவில்லை. கடைசியாக இண்டர்நெட்டில் தேடிப் படித்து வோல்ட்டேஜில் கை வைத்தேன். விசயம் இதுதான். தொழிற்சாலைக்காரர்கள் எந்தப் புரொசசரும் தடுமாறக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் தேவைக்கு மேலேயே மின்னழுத்தம் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த மேலதிகம் சூடாகத்தான் போகிறது. அதைத் துளித் துளியாகக் குறைத்தால் வேலை குறையாது, சூடு குறையும். சூடு குறைந்தால் வேகம் தளராது. குறைவாகக் கொடுத்து அதிகமாக வேலை வாங்குவது. இதைப் படித்ததும் என் பழைய கட்டார் முதலாளியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு துளி குறைக்கவேண்டும். பாரமான வேலை கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். தாங்கினால் இன்னொரு துளி. தாங்காத இடத்தில் திரை நீலமாகி நின்றுவிடும். அப்போது ஒரு படி மேலே ஏற்றி அங்கேயே விட்டுவிடவேண்டும். நான் பேராசை பிடித்தவன். இரண்டு படியை ஒரே தாவலில் இறங்கினேன். நீலத் திரைகூட வரவில்லை, பெட்டி எழும்பவே மறுத்தது. மதர்போர்ட்டின் பற்றரியைக் கழற்றி மாட்டி உயிர் கொடுத்தேன். அதே நேரம் குசினியில் மாமியும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். பால்மா கிடைக்காத காலமல்லவா. தேத்தண்ணியில் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாவைக் குறைத்து வந்திருக்கிறார். ஒரு நாள் மகள் கோப்பையைத் தள்ளிவைத்து, "இது தண்ணி" என்றாள். அடுத்த நாள் மாமி ஒரு படி ஏற்றினார், அங்கேயே விட்டார். எங்கள் வீட்டின் நீலத் திரை மகள்தான். தன் கோப்பையில் மாமி எதுவரை குறைத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அவர் குடிப்பது எப்போதும் சீலைக்கு அந்தப் பக்கம்.

வியாழக்கிழமை காலை. வோல்ட்டேஜ் ஒரு இடத்தில் நிலைத்திருந்தது. ஆனாலும் தட்டு வீட்டின் சூட்டில் வீடியோ முடியவில்லை. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை, இரிங்க என்றும் சொல்லவில்லை. பாஸ்போட்டைச் சேட் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினேன். ஒரு செருப்பைப் பூனை இழுத்துப்போயிருந்தது. நான் குனிந்து தேடிக்கொண்டிருக்கையில் பின்னால் குரல் கேட்டது.

"மகன்."

வீட்டில் மகன் என்று ஒருவரும் இல்லை. திரும்பினேன். சீலை இல்லை, பெட்டி இல்லை. முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி மாமி என் முகத்துக்கு நேரே நின்றார்.

"உங்கட மாமா முதல் தரம் சவூதிக்குப் போகக்குள்ள நான் ஒண்டும் சொல்லல்ல. இந்தக் கதவுக்குப் பின்னாலதான் நிண்டன். ரெண்டு வருசம் எண்டுதான் போன. முழுசா வந்து சேரக்குள்ள புள்ள பெரிய புள்ளையாகி, வாப்பாவக் கண்டு வெக்கப்பட்டு ஓடி ஒளிச்சா. மறுகா ஒரு வருசம்தான் அவரு உசிரோட இருந்த. நீங்க போக வேணாம். குடிக்கிற கஞ்சியக் குடிப்பம். இரிங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். மையத்து எடுக்கிற சாவு வீட்டிலும் பகிடி விட்டு ஏச்சு வாங்கினவன். அன்றைக்குச் சேட் பைக்குள் இருந்த பாஸ்போட்டை வெளியே எடுத்தேன். "ஓம் மாமி" என்றேன். மாமி தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார், அடுப்பில் ஏதோ கருகுகிற அவசரத்தில் போகிற மாதிரி. ஏஜென்சிக்காரருக்கு போன் எடுத்து வரமாட்டேன் என்றேன். "யோசிச்சுக் கதைக்கிறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். பெட்டி தாங்கும் என்று நம்பி நான் நிற்கவில்லை. நின்ற பிறகுதான், இனி இது தாங்கியாகவேண்டுமே என்ற பயம் வந்தது.

அன்றைக்கும் பெற்றோல் வரிசை. வெறும் தாங்கியோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என் மேசை இருந்த இடத்தில் மாமியின் கட்டில் கிடக்கிறது. ஓட்டு அறைக்குள் போனேன். வடக்கு யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசை, அதன் மேல் என் பெட்டி, ஒயர்களெல்லாம் இருக்கவேண்டிய ஓட்டையில். மனைவியும் மாமியும் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள். யன்னலில் ஈரமான மெல்லிய சீலை ஒன்று கட்டியிருந்தது. காற்று வரும், உப்பு அதில் தங்கும். அது மாமியின் அறை. வீட்டை மகளுக்குக் கொடுத்த பிறகு அவருக்கென்று மிஞ்சிய ஒரே இடம். நான் முடியாது என்று மனைவியிடம் சொன்னேன். மாமி வாசலில் நின்று பெட்டியிடம் சொன்னார்: "எனக்கு மூட்டு வலி. குளிர் ஒத்துக்கொள்ளாது. முன் அறைதான் எனக்கு நல்லம் எண்டு மாப்பிள்ளைக்குச் சொல்லு." அந்த வீட்டில் குளிர் என்ற சாமானை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

அடுத்த நாள் கரண்ட் வந்ததும் ஓடவிட்டேன். திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற எண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறியது, ஏறியது, வழக்கமாக மூச்சு வாங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. அங்கேயே நின்றது. வேகம் தளரவில்லை. மாமி ஒரு முக்காலியைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பன்புல்லால் இழைத்த விசிறியால் விசிறத் தொடங்கினார். தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சும்மா இரிக்கிற கைதானே" என்றார் பெட்டியிடம். அந்த விசிறியால் எண் ஒரு பாகைகூடக் குறையவில்லை. காற்று முழுக்க என் மேல்தான் பட்டது. அதை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீடியோ குசினியை அடைந்தது, வெளியே வந்தது, முடிந்தது. கரண்ட் போனது. அடுத்த கரண்டுக்கு அனுப்பினேன். டோஹாவில் இருந்து குரல் சேதி வந்தது: "மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி தம்பி. குசினி யன்னல மட்டும் மற்றப் பக்கம் போட்டுத் தாங்க." முழுக்கத் திரும்ப ஓடவிடவேண்டும். நான் தலையில் கை வைத்தேன். என்ன சேதி என்று மாமி பெட்டியிடம் கேட்டார். யன்னலை மற்றப் பக்கம் வைக்கவேண்டுமாம் என்றேன். "சரிதானே. இந்தப் பக்கம் வெச்சாப் புகை வீட்டுக்குள்ளதான் போகும்" என்று டோஹாக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார். திரும்ப ஓடவிட்டேன். மாமி திரும்ப விசிறினார். அந்த மனிதர் சொன்னபடியே கூட்டாளிகளை அனுப்பினார். அவர்களுக்கும் யன்னல்கள் இருந்தன. சாப்பாடு ஓடியது. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

வியாழக்கிழமைக்குப் பிறகு மாமி என்னோடு நேரே கதைக்கவில்லை. எல்லாம் பழையபடி பெட்டியூடாகத்தான். இதை ஒரு பகிடியாக மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உம்மா அப்படித்தான்" என்றாள். மாமா சவூதியில் இருந்த காலத்தில் கடிதம் எழுதத் தெரியாத மாமி, கசெட்டில் குரல் பதிந்து அனுப்புவாராம். இதே ஓட்டு அறையில், இதே மேசையில், ரேடியோப் பெட்டியை வைத்து அதன் முகத்தைப் பார்த்துக் கதைப்பாராம். அரிசி விலை, ஓடு ஒழுகுகிறது, மகளுக்குப் பல் விழுந்தது எல்லாம். நேரே கதைக்கக் கிடைத்த காலம் அந்தக் கடைசி ஒரு வருசம்தான். வீட்டு ஆம்பிளையோடு ஒரு பெட்டியைப் பார்த்துக் கதைப்பது அவருக்குப் புதினமே இல்லை. என் கொம்பியூட்டருக்குத்தான் தான் யாருடைய இடத்தில் இருக்கிறது என்று தெரியாது.

உறைக்கும் ஒரு ஒப்பந்தம் வந்திருந்தது. அசர்த் தொழுகைக்குப் பிறகு வேலை முடித்துப் பெட்டியை நிற்பாட்டுவேன். மாமி வந்து, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுகிற மாதிரி உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். சூடிருந்தால் போய்விடுவார், கொஞ்சம் கழித்துத் திரும்பி வருவார். நன்றாக ஆறின பிறகுதான் உறை. நாலு மூலைப் பூவையும் சரிபார்த்து இழுத்துவிடுவார். அந்த வேலையை அவர் ஒருவரிடமும் கொடுத்ததில்லை.

மாமி எங்களை விட்டு மௌத்தாகி இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது. அதிகம் கிடக்கவில்லை, ஒருவருக்கும் கஷ்டம் கொடுக்கவில்லை. முன் அறையில் அந்தக் கட்டில் இப்போதும் இருக்கிறது, அறை இப்போதும் கொதிக்கிறது. ஓட்டு அறையில் பெட்டி அதே வோல்ட்டேஜில் ஓடுகிறது. கரண்ட் வெட்டில்லை, கடைகளில் தெர்மல் பேஸ்ட் தாராளம், கூலர்கூட நல்லதாக ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டேன். மகளுக்குப் பல்லெல்லாம் முளைத்து அதால் என்னைக் கடிக்காத குறையாக வாய் காட்டுகிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அசர் நேரமானால் எனக்கு ஒரு களைப்பு வரும். வேலையின் களைப்பல்ல அது. மேலதிகமாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றைக் குறைத்துவிட்டார்கள், நானும் நின்றுவிடாமல் ஓடுகிறேன் என்பது மாதிரி ஒன்று.

நேற்றும் பெட்டியை நிற்பாட்டிவிட்டு, உறையை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடி இருந்தேன். மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். என்னையும் என் கையையும் பார்த்தாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "பெட்டி, மாப்பிள்ளைக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது எண்டு."

சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை, அவளுக்கும் முடியவில்லை. அவள் போன பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. பெட்டிதான் இன்னும் சூடாக இருந்தது. உறையை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.